வாகனப் பதிவுச் சட்டம்: சுமை முழுவதும் உழைப்பாளி தலையிலா?

ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், 2025 ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட அறிவிக்கையின் மூலம், இருபது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதற்கான கட்டணத்தை இரு மடங்காக உயர்த்தியுள்ளது. மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாயாக இருந்த கட்டணம் 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. மூன்று சக்கர வாகனங்களுக்கு 2,500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், கார் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்கு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்திருக்கிறது. உயர்வுக்கு முன்பிருந்த கட்டணமும் நெடுங்காலமாக இருந்து வந்ததல்ல. 2022 ஏப்ரல் 1க்கு முன்பு பதிவைப் புதுப்பிக்க மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயும் காருக்கு 600 ரூபாயும் செலுத்தினால் போதும். நான்காண்டுகள் கூட நிறைவடையாத காலத்தில் 600 ரூபாய் 10,000 ரூபாய் ஆகியிருக்கிறது.

பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றிச் சுற்றுச்சூழலைக் காப்பதே நோக்கம் என்று அரசு கூறுகிறது. ஆனால் இருபது ஆண்டு பழைய ஸ்கூட்டரில் காய்கறி விற்கச் செல்பவரும், பழைய வேனில் தண்ணீர் கேன் போடுபவரும் விருப்பத்தின் பேரில் பழைய வண்டியை வைத்திருக்கவில்லை. புதிய வண்டி வாங்கப் பணமில்லை என்பதாலேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மானியமோ குறைந்த வட்டிக் கடனோ அளிக்காமல் கட்டணத்தை மட்டும் உயர்த்துவது, வறுமைக்கு விதிக்கப்படும் அபராதமாகும்.

இது தனித்து நிற்கும் ஒரு நடவடிக்கை அல்ல. வாகனத்தின் உடைமை, பதிவு, பெயர் மாற்றம், கடன் பிணை ஆகியவற்றைப் பற்றிய சட்ட ஏற்பாடு முழுவதிலும் இதே சாய்வு காணப்படுகிறது. உடைமையால் வரும் பலன் பணம் போட்டவருக்குச் செல்கிறது. உடைமையால் வரும் பொறுப்பு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் மீது விழுகிறது.

ஒரு புத்தகம், இரண்டு சட்டங்கள்

அமெரிக்காவின் மாநிலங்களில் வாகனத்தின் உடைமைப் பத்திரமும் பதிவும் தனித்தனி ஆவணங்களாக உள்ளன. இந்தியாவில் உடைமைக்கெனத் தனிப் பத்திரம் கிடையாது. பதிவுச் சான்றிதழ், அதாவது மக்கள் ஆர்.சி. புத்தகம் என்று அழைப்பதே நடைமுறையில் இரண்டுக்கும் சான்றாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். லாரி, ஆட்டோ, டாக்சி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு உரிய காலத்தில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெறாவிட்டால், பதிவே செல்லாததாகக் கருதப்படும்.

சிக்கல் விற்பனையின்போது தொடங்குகிறது. வாகனம் ஓர் அசையும் சொத்து. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்டு பணமும் வண்டியும் கைமாறினால் உடைமை மாறிவிடுகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஒரே மாநிலத்திற்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்று இதற்கான தாள்கள் உண்டு. நடைமுறையில் நடப்பது வேறு. வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கொண்டு புரோக்கர் வண்டியை எடுத்துச் செல்கிறார். அது இரண்டு, மூன்று கை மாறுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் பழைய பெயரே நீடிக்கிறது.

இதன் விளைவை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு காட்டுகிறது. 2009ஆம் ஆண்டு ஹரியானாவில் நடந்த விபத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மோதிய கார் 2007ஆம் ஆண்டிலேயே விற்கப்பட்டு அடுத்தடுத்துக் கை மாறியிருந்தது. ஆனால் பதிவு முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது. வண்டிக்குக் காப்பீடும் இல்லை. கடைசியாக வாங்கியவரே பொறுப்பு என்று பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் கூறியதை மாற்றி, பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஒவ்வொரு கைமாற்றத்தையும் தேடி அலைய விடக் கூடாது என்பதே அதன் காரணம்.

அந்தக் காரணம் நியாயமானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், வண்டியை யார் யாரிடம் விற்றார்கள் என்று துப்புத் துலக்க முடியாது. ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். மருத்துவச் செலவுக்காகவோ மகள் திருமணத்திற்காகவோ வண்டியை விற்றுவிட்ட ஒரு தொழிலாளிக்குப் பல ஆண்டுகள் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வருகிறது. இடையில் வாங்கி விற்று இலாபம் பார்த்த வியாபாரியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க, பழைய வாகன வியாபாரிகள் பதிவு பெற வேண்டும் என்றும், வண்டி அவர்கள் வசம் இருக்கும் காலத்தில் அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவர் என்றும் 2022 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. விதி நல்லதே. ஆனால் அங்கீகாரம் பெற்ற வியாபாரிக்கு மட்டுமே அது பொருந்துகிறது. மரத்தடியில் நின்று கமிஷனுக்கு வண்டி கைமாற்றிவிடும் புரோக்கரை அது தொடுவதில்லை. ஏழைகளின் வண்டிகள் பெரும்பாலும் விற்கப்படுவது அந்த மரத்தடியில்தான்.

நிதி நிறுவனத்தின் இரட்டை வேடம்

கடனில் வாங்கிய வண்டியின் நிலை இதைவிடவும் முரண்பாடானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, வாடகைக் கொள்முதல், குத்தகை அல்லது ஹைப்பாதிகேஷன் எனப்படும் கடன் பிணை ஒப்பந்தத்தின் கீழ் உள்ள வாகனத்தைப் பொறுத்தவரை, அதைத் தம் வசம் வைத்திருப்பவரே உரிமையாளர் என்கிறது. ஆகவே விபத்து நேர்ந்தால் இழப்பீட்டிற்குக் கடன் வாங்கியவரே பொறுப்பு. சாலை வரியும் காப்பீடும் எஃப்.சி.யும் அவர் பொறுப்பே.

தவணை தவறினால் காட்சி மாறுகிறது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை செலுத்தப்படும் வரை நிதி நிறுவனமே வாகனத்தின் உரிமையாளர் என்றும், ஒப்பந்தப்படி அது வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குச் சட்டத் தடை இல்லை என்றும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்று பெருமளவில் நடக்கும் ஹைப்பாதிகேஷன் கடனில் உடைமை கடன் வாங்கியவருடையதே. நிறுவனத்திற்கு இருப்பது பிணை உரிமை மட்டுமே. ஆனால் வண்டியைப் பறிக்க வரும் ஆட்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இழப்பீடு கட்டும் நாளில் ஓட்டுநர் உரிமையாளர். தவணை தவறிய நாளில் அவர் வெறும் கடனாளி.

கடனை வசூலிக்கவும் வாகனத்தைக் கைப்பற்றவும் சட்ட வழிகளையே பின்பற்ற வேண்டும், அடியாட்களை ஏவக் கூடாது என்று 2007ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், வசூல் முகவர்கள் வலுக்கட்டாயமாக வாகனங்களைப் பறிப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டு இடைவெளியில் நீதிமன்றம் அதையே மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து, நெடுஞ்சாலைகளில் லாரிகளையும் ஆட்டோக்களையும் மறித்துச் சாவியைப் பிடுங்கும் வழக்கம் ஒழியவில்லை என்பது விளங்கும்.

சட்டமே இதற்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தவணை தவறியதால் வண்டியைத் தன் வசம் எடுத்துவிட்டதாகவும், கடனாளி ஆர்.சி. புத்தகத்தைத் தர மறுக்கிறார் அல்லது தலைமறைவாகிவிட்டார் என்றும் நிதி நிறுவனம் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், 51(5) பிரிவின்படி பழைய சான்றிதழை ரத்து செய்து நிறுவனத்தின் பெயரில் புதிய சான்றிதழ் வழங்கலாம். பதிவு உரிமையாளருக்குத் தம் தரப்பைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மையே. அந்த வாய்ப்பு, கடன் பத்திரத்தில் உள்ள பழைய முகவரிக்குச் செல்லும் பதிவுத் தபாலாகவே பெரும்பாலும் முடிகிறது. மாதத்தில் இருபது நாட்கள் குவாஹாட்டிக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே லாரி ஓட்டுபவர் அந்தத் தபாலை எப்போது பார்ப்பார்?

தில்லி ஆட்டோ ஓட்டுநர்களின் அனுபவம் இந்த உறவை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 1997ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவால் தலைநகரில் ஆட்டோக்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மாசைக் குறைப்பதே நோக்கம். கார்களுக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை. புதிய பெர்மிட் கிடைக்காததால் பழைய பெர்மிட்டே விலை உயர்ந்த சொத்தாக மாறியது. பெர்மிட்டுடன் கூடிய ஆட்டோவின் சந்தை விலை, வண்டியின் அசல் விலையைக் காட்டிலும் பன்மடங்கு உயர்ந்தது. அந்தப் பணத்தை உழைப்பாளியால் புரட்ட முடியாது, ஃபைனான்சியரால் முடியும். காகிதம் ஃபைனான்சியரின் பெட்டியில், ஸ்டியரிங் ஓட்டுநரின் கையில் என்ற நிலை உறைந்தது. 2011 நவம்பரில் வரம்பு ஒரு லட்சமாக உயர்த்தப்பட்ட பிறகும் அந்தப் பிடி முற்றிலும் தளரவில்லை.

இரண்டு வகைக் குடிமக்கள்

ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47ஆவது பிரிவு. அதற்குப் பழைய பதிவு அலுவலகத்திடமிருந்து தடையில்லாச் சான்று பெற வேண்டும். 30 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 48ஆவது பிரிவு கூறுகிறது. இந்த உரிமை இருப்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. புதிய மாநிலத்தில் மீண்டும் சாலை வரி செலுத்தி, பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பப் பெற அலைய வேண்டும்.

இந்த இன்னலைப் போக்கவே 2021 செப்டம்பர் முதல் பாரத் வரிசைப் பதிவு, அதாவது பி.எச். எண் அறிமுகமானது. மாநிலம் மாறினாலும் பதிவெண்ணை மாற்ற வேண்டியதில்லை. சாலை வரியை மொத்தமாகச் செலுத்தாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குச் செலுத்தலாம். ஆனால் யாருக்கு இந்த வசதி? ராணுவத்தினர், ஒன்றிய - மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டுமே. ஒடிசாவிலிருந்து தன் பைக்கில் பெங்களூருவுக்கு வந்து கட்டட வேலை செய்பவருக்கு இல்லை. பீகாரிலிருந்து சூரத்துக்கும் பின்னர் புனேவுக்கும் வேலை தேடி இடம்பெயர்பவருக்கு இல்லை. நாட்டில் மிக அதிகமாக மாநிலம் விட்டு மாநிலம் செல்பவர்கள் புலம்பெயர் தொழிலாளர்களே. ஒரே நாடு என்று ஓயாமல் முழங்கும் அரசு, அந்த ஒரே நாட்டின் பதிவெண்ணை மாதச் சம்பளக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது.

வண்டி இல்லாத முதலாளி

செயலி வழி இயங்கும் டாக்சி மற்றும் உணவு விநியோக நிறுவனங்கள் இந்தச் சட்டத்தின் புதிய பயனாளிகள். கட்டணத்தை நிர்ணயிப்பது நிறுவனம். கமிஷனைப் பிடித்துக்கொள்வதும் நிறுவனம். யார் எங்கே செல்ல வேண்டும் என்று கட்டளையிடுவதும், கணக்கை முடக்கி வேலையைப் பறிப்பதும் அதுவே. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் அதன் பெயர் இல்லை. ஆகவே சாலை வரி, காப்பீடு, எஃப்.சி., பெர்மிட், தேய்மானம், விபத்துப் பொறுப்பு அனைத்தும் ஓட்டுநருடையவை. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை வசூலிக்க நிறுவனங்களை அனுமதித்தன. மாநில அரசுகள் ஏற்றால், சொந்தப் பயன்பாட்டிற்கெனப் பதிவான மோட்டார் சைக்கிள்களிலும் பயணிகளை ஏற்றலாம் என்றன. சொந்தப் பயன்பாட்டிற்கெனக் காப்பீடு செய்த வண்டி வாடகைக்கு ஓடும்போது விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த வேளையில் செயலி நிறுவனம், தான் வெறும் தொழில்நுட்ப இடைத்தரகர் என்று ஒதுங்கிக் கொள்கிறது.

விற்பனைக்கு வந்த பதிவேடு

வாகனம் வைத்திருப்பவர் பெயர், முகவரி, வண்டியின் விவரம் அனைத்தையும் அரசிடம் கட்டாயமாகத் தர வேண்டும். அப்படித் திரண்ட வாஹன், சாரதி தரவுத்தளங்களை அரசு என்ன செய்தது? 2019 மார்ச்சில் வகுக்கப்பட்ட கொள்கையின்படி, வணிக நிறுவனங்கள் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் செலுத்தி இந்தத் தரவுகளை மொத்தமாகப் பெறலாம் என்றாக்கப்பட்டது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அணுக்கம் வழங்கி 65 கோடி ரூபாய் ஈட்டியதாக 2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். எதிர்ப்பு எழுந்த பிறகு, 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. மக்களிடம் சட்டத்தின் பலத்தால் வாங்கிய விவரத்தைச் சந்தையில் விற்கலாம் என்று கருதிய மனப்போக்கு அத்துடன் மறைந்துவிட்டதாக நம்ப இடமில்லை.

மோட்டார் வாகனங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. வாகன வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதிகாரங்களை ஒன்றிய அரசின் கையில் குவித்ததுடன், அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தியது. தகுதிச் சோதனையைத் தானியங்கி மையங்களின் வழியாகத் தனியாரிடம் ஒப்படைக்கும் போக்கும் அதன் பிறகு வேகம் பெற்றது. இந்தத் திருத்தங்களை எதிர்த்து 2018 ஆகஸ்ட் 7 அன்று போக்குவரத்துத் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். அன்று அவர்கள் விடுத்த எச்சரிக்கை மெய்யாகி வருகிறது.

செய்ய வேண்டியது என்ன?

சாலைப் பாதுகாப்பும் தூய காற்றும் உழைப்பாளி மக்களுக்கு வேண்டாதவை அல்ல. விபத்தில் முதலில் மடிவோரும், புகையை நாள் முழுவதும் சுவாசிப்போரும் அவர்களே. ஆனால் வண்டியின் வயதை மட்டும் பார்த்துத் தண்டிப்பது அறிவியல் அல்ல. உமிழ்வைச் சோதித்து முடிவு செய்வதே முறை. தில்லியில் 2025 ஜூலை 1 முதல் பழைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் ஆணை, மக்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நகரங்களில் மாசைக் குறைக்க நீடித்த வழி, மலிவான பொதுப் போக்குவரத்தை விரிவுபடுத்துவதேயாகும்.

பதிவு மற்றும் உடைமை பற்றிய சட்டத்தில் உடனடியாகச் செய்யத்தக்க மாற்றங்கள் பல உள்ளன.

விற்றவர் படிவம் 29ஐச் சமர்ப்பித்து ஒப்புகை பெற்ற நாளிலிருந்து அவர் பொறுப்பு முடிவுக்கு வர வேண்டும். வாங்கியவரை அழைத்துப் பெயர் மாற்றத்தை நிறைவு செய்வது பதிவு அலுவலகத்தின் கடமையாக்கப்பட வேண்டும். இதனால் விபத்தில் பாதிக்கப்பட்டோர் நிராதரவாகிவிடக் கூடாது. 2019 திருத்தத்தின் 164பி பிரிவு வகை செய்துள்ள மோட்டார் வாகன விபத்து நிதியிலிருந்து அவர்களுக்கு முதலில் இழப்பீடு வழங்கி, பிறகு உண்மையில் வண்டியை வைத்திருந்தவரிடம் அரசு வசூலிக்கலாம்.

51(5) பிரிவின் கீழ் பதிவை மாற்றும் முன் கடனாளியை நேரில் விசாரிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். சாலையில் மறித்து வண்டியைப் பறிப்பது குற்றமாகக் கருதப்பட்டு, முகவர் மீது மட்டுமன்றி நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரப்பட வேண்டும். பறித்த வண்டியை விற்ற தொகையில் கடன் போக எஞ்சியதைக் கடனாளிக்குக் கணக்குடன் திருப்பித் தர வேண்டும்.

பிழைப்புக்குப் பயன்படும் இரு சக்கர, மூன்று சக்கர மற்றும் சிறிய சரக்கு வாகனங்களுக்கான புதுப்பிப்புக் கட்டண உயர்வு திரும்பப் பெறப்பட வேண்டும். பழைய வண்டியைக் கைவிட்டுப் புதியது வாங்க, பொதுத்துறை வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் வழங்க வேண்டும். பி.எச். வரிசைக்கு நிகரான வசதி புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதனால் மாநிலங்களுக்கு ஏற்படும் வரி இழப்பை ஒன்றிய அரசு ஈடு செய்ய வேண்டும். செயலி நிறுவனங்கள் காப்பீட்டுச் செலவையும் விபத்துப் பொறுப்பையும் சட்டப்படி பகிர்ந்து கொள்ள வேண்டும்.

இவை எதுவும் தாமாகக் கிடைக்கப் போவதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் தனியாக நிற்கும் ஓட்டுநர் புரோக்கரையே நம்ப வேண்டியிருக்கிறது. தொழிற்சங்கமாகத் திரண்டு நிற்கும் ஓட்டுநர்கள் பெர்மிட்டையும் கட்டணத்தையும் பேசித் தீர்த்த அனுபவம் பல நகரங்களில் உண்டு. ஆட்டோ, டாக்சி, லாரி, செயலித் தொழிலாளர்கள் அனைவரையும் ஒரே கோரிக்கைப் பட்டியலின் கீழ் அணிதிரட்டுவது இடதுசாரி இயக்கத்தின் உடனடிக் கடமையாகும். சாலையில் நாளெல்லாம் உழைப்பவருக்கு வண்டியின் கடனும் வழக்கும் மட்டுமின்றி, வண்டியும் உரித்தாக வேண்டும்.